மூணு தலைமுறைக்கு அப்பால்

போன ஆடி அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி அப்பா ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினார். "இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தா அடிச்சு லேமினேட் பண்ணிக் குடுடா, கண்ணே தெரிய மாட்டேங்கறது"ன்னார். தாத்தா காலமான வருஷம் அப்பா எழுதி வெச்ச காகிதம். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு, செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பாயிருந்தது. தர்ப்பணத்துல சொல்ல வேண்டிய பேர்கள்.

வழக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. அமாவாசை அன்னிக்கு எள்ளும் தண்ணியும் விட்டு முன்னோர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அப்பா வழியில மூணு தலைமுறை ஆண்கள், அவங்க மனைவிகள்னு ஆறு பேர். அம்மா வழியில அதே மாதிரி ஆறு பேர். மொத்தம் 12. அதுக்கு மேல இருக்கறவங்களுக்குத் தனியா பேர் கிடையாது.

டைப் பண்ணிண்டே வந்தேன். ஆறாவது பேர்ல கை நின்னுடுத்து. அப்பாவோட கொள்ளுப்பாட்டி. அந்த இடத்துல இருந்தது பேரே இல்ல. 'சின்னப் பொண்ணு'ங்கற அர்த்தத்துல வீட்ல கூப்பிடற ஒரு செல்லப் பேர்.

"அப்பா, இது நிஜப் பேர் இல்லையே?"

"தாத்தா அப்படித்தான்டா சொல்லிண்டிருந்தார். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாளாம். நிஜப் பேர் அவருக்கும் தெரியாது."

சரின்னு அதையே அடிச்சுக் கொடுத்துட்டேன். ஆனா மனசுல ஒரு முள்ளு மாதிரி நின்னுடுத்து. தொண்ணூறு வருஷம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள ஒரு மனுஷியோட பேர் காணோம்!

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆபீஸ். பொட்டி தட்டற இடத்துல எங்க கிளையன்ட் ஜெர்மன்காரங்க. ஹனோவர் பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து வேலை பார்க்கற ஒருத்தர் எனக்கு நல்ல நண்பர் (பேர் போடலை, அவர்கிட்ட கேக்கலை). ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சதும், "நீ மெட்ராஸ்ல தானே இருக்க, ஒரு உதவி பண்ணுவியா?"ன்னார். அவங்க வம்சத்துல ஆறேழு தலைமுறைக்கு முன்னாடி ஒரு கொள்ளுத் தாத்தா. அவரோட தம்பி 1782ல பட்டாளத்துல சேர்ந்து மெட்ராசுக்குக் கப்பல் ஏறினாராம். ஊர் சர்ச் பதிவேட்டுல ஞானஸ்நானம் ஆனது இருக்கு. கல்யாணமும் இல்ல, அடக்கமும் இல்ல. ஆள் என்ன ஆனார்?

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. 240 வருஷத்துக்கு முன்னாடி போன தம்பியை இவர் தேடறார். நான் என் வீட்டுக் கொள்ளுப்பாட்டி பேரையே கோட்டை விட்டுட்டு உக்காந்திருக்கேன் :-)

சரி, தேடுவோம்னு ஆரம்பிச்ச கதைதான் இது.

ஜெர்மன்காரனுக்கு இங்க என்ன வேலை?

நமக்கு ஜெர்மன்காரன்னா முதல்ல ஞாபகம் வர்றது எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டாங்கிகள் மேல குண்டு போட்டுட்டுப் போன கப்பல். "அவன் சரியான எம்டன்டா"ன்னு இன்னிக்கும் சொல்றோம். ஆனா அதுக்கு 200 வருஷம் முன்னாடியே ஜெர்மன்காரங்க இங்க வந்துட்டாங்க. சொந்த நாட்டுக் கொடியோட வரலை. அப்போ ஜெர்மனின்னு ஒரு நாடே கிடையாது, துண்டு துண்டா ராஜ்யங்கள். அதனால அடுத்தவன் கப்பல்ல வந்தாங்க. தேடத் தேட மூணு வழி தெரிஞ்சது.

முதல் வழி டேனிஷ் கப்பல். தரங்கம்பாடி 1620லேர்ந்து 1845 வரைக்கும் டென்மார்க் கையில இருந்தது. டென்மார்க் ராஜா அனுப்பின மிஷனரிகள் ரெண்டு பேரும் ஜெர்மன்காரங்க. சீகன்பால்கு, புளூட்சாவ். 1706 ஜூலை 9 அன்னிக்கு வந்து இறங்கினாங்க. சீகன்பால்குக்கு அப்போ 23 வயசு, மறுநாள் பொறந்தா 24. நாம அந்த வயசுல கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆனதுக்கே ட்ரீட் கொடுத்துண்டிருந்தோம். அவர் தமிழ் கத்துண்டு, அச்சுக்கூடம் வெச்சு, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு, 36 வயசுல 1719ல தரங்கம்பாடியிலேயே காலமாயிட்டார்.

ரெண்டாவது வழி டச்சுக் கப்பல். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் டச்சுக் கம்பெனியோட இடங்கள். டச்சுக் கம்பெனியில சிப்பாயா சேர்ந்தவங்கள்ல பெரும் பங்கு ஜெர்மன் ஊர்கள்லேர்ந்து பிழைப்புக்காக ஆம்ஸ்டர்டாம் வந்த பசங்க. ஈ.சி.ஆர். ரோட்டுல பாண்டிச்சேரி போறப்போ கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம் கோட்டை வரும். அங்க காவல் காத்தவன் டச்சுக்காரன்னு நினைச்சிருப்போம். அதுல பாதிப் பேருக்கு வீட்ல பேசின பாஷை ஜெர்மனா இருந்திருக்கலாம்.

மூணாவது வழி இங்கிலீஷ் கப்பல். இதுதான் நம்ம நண்பரோட தாத்தா தம்பி வந்த வழி. அப்போ இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜே ஹனோவருக்கும் அதிபதி. ஹைதர் அலியோடயும் பிரெஞ்சுக்காரங்களோடயும் சண்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் பத்தலை. ராஜாவோட ஹனோவர் பட்டாளத்துலேர்ந்து ரெண்டு ரெஜிமெண்டைக் கம்பெனி சம்பளத்துல 1782ல கப்பல் ஏத்தினாங்க. 1783 ஜூன் மாசம் கடலூர்ல பிரெஞ்சுக்காரங்களோட நடந்த சண்டையில இவங்க இருந்தாங்க. சண்டை முடிஞ்சும் வருஷக்கணக்கா இங்கயே இருந்துட்டு, மிச்சம் இருந்தவங்க 1791, 92 வாக்குல ஊர் திரும்பினாங்க. குண்டுல செத்தவங்களைவிடக் காய்ச்சல், பேதின்னு போனவங்க அதிகமா இருந்த காலம் அது.

தேடற விதம்

ஜெர்மன் பக்கம் வேலை சுலபம். அங்க ஒவ்வொரு ஊர் சர்ச்சுலயும் பதிவேடு உண்டு, பல ஊர்கள்ல 16, 17ஆம் நூற்றாண்டுலேர்ந்தே. பொறந்தது, கல்யாணம், அடக்கம். அரசாங்கப் பதிவு நாடு முழுக்க வந்தது 1876லதான். அதுக்கு முன்னாடி எல்லாம் சர்ச் நோட்டுதான். ப்ராட்டஸ்டன்ட் சர்ச் நோட்டுகளை 'ஆர்ஷியோன்'னு ஒரு தளத்துல 2015லேர்ந்து காசு கட்டிப் பார்க்கலாம். ஆனா எழுத்து! பழைய ஜெர்மன் கையெழுத்துக்குக் குரென்ட்னு பேர். நண்பர் ஒரு பக்கத்தை அனுப்பினார். சத்தியமா ஈ.சி.ஜி. ரிப்போர்ட்னு நினைச்சேன்.

அதுல ஒரு விஷயம் மட்டும் மனசுல நின்னுது. கல்யாணமான பொண்ணு பேருக்குப் பக்கத்துல 'கெபோரெனெ'ன்னு போட்டு அவ பொறந்த வீட்டுப் பேரையும் எழுதுவாங்களாம். 'இன்னார் வீட்டுல பொறந்தவ'ன்னு அர்த்தம். அதைப் பிடிச்சுண்டே போனா அம்மா வழியிலயும் மேல ஏறலாம்.

மெட்ராஸ் பக்கம் என் வேலை. கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச். 1680 அக்டோபர்ல திறந்தது. அதே வருஷம் நவம்பர்ல நடந்த முதல் கல்யாணம் எலிஹூ யேல் உடையது. பின்னாடி யேல் யுனிவர்சிட்டிக்குப் பேர் கொடுத்தவரேதான். அந்தப் பதிவேடு அங்கேர்ந்து தொடர்ச்சியா இருக்கு. மெட்ராஸ் மாகாணத்து சர்ச்சுகள்லேர்ந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் விவரமெல்லாம் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினாங்க. 1698லேர்ந்து இருக்கும் அந்த நகல்கள் இப்போ பிரிட்டிஷ் லைப்ரரியில. இன்டர்நெட்லயே தேடலாம். அதாவது நம்ம ஊர் பேக்கப் லண்டன் சர்வர்ல இருக்குன்னு வெச்சுக்குங்க.

இன்னொரு பொக்கிஷம், ஜூலியன் காட்டன்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி 1905ல போட்ட புஸ்தகம். மெட்ராஸ் மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளோட பட்டியல். அதை ஃபோன்ல இறக்கி வெச்சுண்டு ஒரு சனிக்கிழமை மயிலாப்பூர்லேர்ந்து பஸ் பிடிச்சுக் கோட்டைக்குப் போனேன். செயின்ட் மேரீஸைச் சுத்தித் தரையே கல்லறைக் கல்தான். பழைய இடுகாடு முன்னே லா காலேஜ் இருந்த இடத்துல இருந்ததாம். 1758, 59 முற்றுகையில பிரெஞ்சுக்காரங்க அந்தக் கல்லறைகளுக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு சுட்டதால, அப்புறம் கல்லையெல்லாம் பேர்த்துக் கொண்டு வந்து இங்க பாவிட்டாங்க. ஆள் ஒரு இடம், கல் ஒரு இடம்.

தாத்தா தம்பி கிடைக்கலை. நாலு சனிக்கிழமை, எத்தனையோ ராத்திரி. கிடைக்கலை.

ஆனா அதே பட்டாளத்துல வந்த இன்னொருத்தர் கிடைச்சார். கார்ல் ஆகஸ்ட் ஷ்லேகல். ஹனோவர் ரெஜிமெண்ட்ல இளம் அதிகாரி. 1789ல, முப்பது வயசுகூட ஆகாம, மெட்ராஸ்ல காலமானார். இவரோட தம்பிகள்தான் ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகலும் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகலும். ஃப்ரீட்ரிஷ் 1808ல இந்தியர்களோட பாஷையையும் ஞானத்தையும் பத்தி ஒரு புஸ்தகம் எழுதினார். ஆகஸ்ட் வில்ஹெல்ம் 1818ல பான் யுனிவர்சிட்டிக்குப் போய், ஜெர்மனியில சமஸ்கிருதத்துக்குன்னு வந்த முதல் பேராசிரியர் ஆனார். ஜெர்மனியோட இந்திய மோகத்துக்குப் பின்னாடி, நம்ம ஊர் மண்ணுல போன ஒரு அண்ணன் இருக்கார். இதை நண்பருக்கு அனுப்பினப்போ அவர் ரொம்ப நேரம் பதிலே போடலை.

திரும்பிப் போகாத குடும்பங்களும் உண்டு. கோல்ஹாஃப் குடும்பம் மாதிரி. யோஹான் பால்தாசர் கோல்ஹாஃப் 1737ல தரங்கம்பாடிக்கு வந்தார், 1790ல இங்கயே காலமானார். மகன் யோஹான் காஸ்பர் 1762ல தரங்கம்பாடியிலயே பொறந்தவர். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் பாதிரியார்கிட்ட வளர்ந்து, பாதிரியாராகி, 1844 வரைக்கும் தஞ்சாவூர்ல இருந்தார். பேரன் கிறிஸ்டியன் சாமுவேலும் திருச்சி பக்கத்துல மிஷனரி. மூணு தலைமுறை, நூறு வருஷத்துக்கு மேல. தர்ப்பணக் கணக்குக்குச் சரியா இருக்கு பாருங்க.

பேர் எங்க இருக்கு, எங்க இல்ல

இந்தத் தேடல்ல ஒரு விஷயம் பிடிபட்டது. யாருக்குப் பணம் கொடுத்தாங்களோ, இல்ல யாரைக் காட்டிப் பணம் கேட்டாங்களோ, அவங்க பேர்தான் காகிதத்துல தங்குது.

டச்சுக் கம்பெனியோட கப்பல் சம்பள நோட்டுகள் ஹேக் நகர ஆவணக் காப்பகத்துல இருக்கு. 1700கள்ல போனவன் பேர், ஊர், எந்தக் கப்பல், எப்போ வேலை முடிஞ்சது எல்லாம் அதுல உண்டு. வரலாறு எழுதணும்னு யாரும் அதை எழுதலை. செத்துப் போனா பாக்கிச் சம்பளத்தை யாருக்குக் கொடுக்கறதுங்கற கவலை. தரங்கம்பாடி மிஷனரிகள் ஊருக்கு எழுதின கடிதங்களும் அப்படித்தான். 1710லேர்ந்து ஹாலே நகரத்துல அதையெல்லாம் தொகுத்து அச்சுப் போட்டாங்க. நன்கொடை கொடுத்தவங்க படிக்கணுமே.

நம்ம ஊர்லயும் இதே கதைதான். தஞ்சாவூர் பெரிய கோவில் கல்வெட்டுல 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பேர் இருக்கு. எந்தத் தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, பேர் என்ன, எந்தக் கோவில்லேர்ந்து வந்தவ, எல்லாம் கல்லுல. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. சம்பளப் பட்டியல்! அதனால ஆயிரம் வருஷம் கழிச்சும் அந்தப் பொண்ணுங்க பேர் நமக்குத் தெரியும். எங்க வீட்டுக் கொள்ளுப்பாட்டி பேர் தெரியாது. சம்பளம் இல்லாம அடுப்படியில இருந்தவதானே.

இதுல ஒரு வேடிக்கை. அந்தத் தஞ்சாவூர் கல்வெட்டை அச்சுல கொண்டு வந்தவரும் ஒரு ஜெர்மன்காரர்தான். ஹுல்ட்ஷ். 1886லேர்ந்து மெட்ராஸ் அரசாங்கத்துக் கல்வெட்டு அறிஞர். பெரிய கோவிலைக் கட்டினது ராஜராஜன்தான்னு கல்வெட்டை வெச்சு நிறுவினவர். பொன்னியின் செல்வன் ரசிகர்கள் எல்லாம் அவருக்கு ஒரு கும்பிடு போடணும். சோழ ராஜாக்களோட வம்சாவளியைக் கல்லுலேர்ந்தும் செப்பேட்டுலேர்ந்தும் படிச்சு அடுக்கினதுல அவருக்குப் பெரிய பங்கு. அதுக்கும் முன்னாடி சீகன்பால்கு 1713ல ஒரு புஸ்தகம் எழுதினார். நம்ம சாமிகளோட வம்சாவளி! மும்மூர்த்தியிலேர்ந்து கிராம தேவதை வரைக்கும் யாருக்கு யார் என்ன உறவுன்னு. ஹாலேல இருந்த பெரியவங்க, உன்னை அனுப்பினது இதுக்கில்லைன்னு ஓரங்கட்டிட்டாங்க. 150 வருஷம் கழிச்சு 1867ல நம்ம மெட்ராஸ்லதான் அது அச்சாச்சு.

ஆக, வந்தவங்க நம்ம சாமிக்கு வம்சாவளி எழுதினாங்க, ராஜாவுக்கு வம்சாவளி எழுதினாங்க. அவங்களோட சேர்ந்து வாழ்ந்த நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு?

சிப்பாய்கள்ல முக்காவாசிப் பேர் கல்யாணம் ஆகாம வந்தவங்க. இங்க குடும்பம் ஆச்சு, குழந்தைகள் ஆச்சு. கம்பெனியே இதை ஊக்குவிச்ச காலம் உண்டு. 1687ல லண்டன் டைரக்டர்கள் கோட்டைக்கு எழுதின கடிதத்துல, நம்ம சிப்பாய்கள் இங்கத்துப் பொண்ணுங்களைக் கட்டிக்கறது நல்லதுதான், அப்படிப் பொறக்கற குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகற அன்னிக்கு அம்மாவுக்கு ஒரு வராகன் கொடுக்கலாம்னு யோசனை சொல்றாங்க. ஆனா பதிவேட்டைப் பார்த்தா அப்பா பேர் முழுசா இருக்கும். அம்மா இருக்கற இடத்துல பல நேரம் வெறும் 'உள்ளூர்ப் பெண்', இல்லைன்னா மதம் மாறினப்போ வெச்ச ஒரு மரியா, ஒரு சாரா. அதுக்கு முன்னாடி அவ யாரு? இந்தப் பேர் இல்லாமையைப் பத்தியே துர்பா கோஷ்னு ஒரு வரலாற்றாசிரியர் 2006ல ஒரு புஸ்தகத்துல எழுதியிருக்காங்க. ஆங்கிலேயர்களோட வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஆவணங்கள்ல எப்படிப் பாதிப் பேரோட, இல்ல பேரே இல்லாம வர்றாங்கன்னு.

நம்ம பாஷையில சொன்னா, டேட்டாபேஸ் டிசைன் பண்ணப்போ அப்பா ஃபீல்டு கட்டாயம், அம்மா ஃபீல்டு காலியா விடலாம்.

ஆனா அந்தக் காலி ஃபீல்டை ஒரு இடத்துல மட்டும் கவனமா பார்த்தாங்க. 1791ல கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. அப்பா அம்மால ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கம்பெனியோட சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகம் கிடையாது. நூறு வருஷம் முன்னாடி வராகன் கொடுக்கலாம்னு சொன்ன அதே கம்பெனி! அம்மா பேர் எழுத இடம் இல்ல, ஆனா பிள்ளையைத் தள்ளி வைக்கறதுக்கு அம்மா யாருன்னு தெரியணும்.

அப்புறம் சுதந்திரம் வந்தது. நம்ம அரசியல் சட்டம் 366(2) பிரிவு ஆங்கிலோ இந்தியர் யாருன்னு சொல்லுது. ஐரோப்பிய வம்சம், ஆண் வழியில. இங்கிலீஷ்காரன்னு இல்ல, ஐரோப்பியன். அதாவது ஹனோவர் சிப்பாயோட வம்சத்துல ஆண் வழியா வந்து இங்கயே குடியிருக்கற ஒருத்தர் சட்டப்படி ஆங்கிலோ இந்தியர். அவரோட அக்கா தமிழ்க்காரரைக் கட்டிண்டா, அவங்க பசங்க அந்தக் கணக்குல வர மாட்டாங்க. மக்களவையில இவங்களுக்கு இருந்த நியமன இடம்கூட 2020 ஜனவரியோட முடிஞ்சுபோச்சு. வரையறை மட்டும் அப்படியே இருக்கு.

கொழும்புலயும் இதே கதை. டச்சு பர்கர் யூனியன்னு 1908ல ஆரம்பிச்சாங்க. அவங்க பத்திரிகையில வரிசையா குடும்ப வம்சாவளி போடுவாங்க. முதல் ஆள் பொறந்த ஊரைப் பார்த்தா ஜெர்மன் ஊரா இருக்கும். சேர்றதுக்கு முக்கியமான தகுதி ஆண் வழி ஐரோப்பிய வம்சம். அந்த மரத்துல கிளைகள் எல்லாம் பிரமாதமா இருக்கும். வேர்ல பாதியைக் காணோம்.

வம்சாவளியின் இருட்டு

ஒரு நாள் நண்பர்கிட்ட சும்மா கேட்டேன். "உங்க வீட்ல மட்டும் எப்படி இவ்வளவு பக்காவா வெச்சிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார். அவரோட கொள்ளுத் தாத்தா அரசாங்க வேலையில இருந்தாராம். 1933ல ஹிட்லர் ஆட்சி ஒரு சட்டம் போட்டது. ஆரியர் இல்லாதவங்களுக்கு அரசாங்க வேலை கிடையாது. நிரூபிக்கணும்னா தாத்தா பாட்டி வரைக்கும் சர்ச் பதிவேட்டுலேர்ந்து சான்று வேணும். ஊர் ஊரா பாதிரியார்களுக்கு எழுதி வாங்கினாங்க. அதையெல்லாம் ஒட்டி வைக்கறதுக்கு 'ஆனென்பாஸ்'னு ஒரு சின்ன நோட்டு. முன்னோர் பாஸ்போர்ட். அவங்க வீட்டு வம்சாவளி அங்கதான் ஆரம்பம். 1935ல நியூரம்பெர்க் சட்டம் வந்தப்போ தாத்தா பாட்டி நாலு பேர்ல எத்தனை பேர் யூதர்னு எண்ணித்தான் ஒருத்தரோட தலையெழுத்தை முடிவு பண்ணினாங்க.

"எங்க வீட்டு நோட்டு முழுசா இருக்கறது எனக்குப் பெருமை இல்ல"ன்னார். "அது முழுசா இருந்ததாலதான் நாங்க தப்பிச்சோம். முழுசா இருந்தும், அதனாலயே மாட்டினவங்க இருக்காங்க."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நம்ம ஊரை நினைச்சுண்டேன். கோத்திரம், குலம், பங்காளி, கொடிவழின்னு நாம எடுத்துப் பார்க்கறது எப்போ? பெரும்பாலும் கல்யாணத்துக்கு. யாரைச் சேர்த்துக்கலாம், யாரைச் சேர்த்துக்கக் கூடாதுங்கறதுக்கு. 'எங்க தாத்தா ஜமீன்'னு சொல்றவன் யாரும் 'எங்க பாட்டி பேர் இது'ன்னு ஆரம்பிக்கறதில்ல. முன்னோரைத் தேடறதுல தப்பில்ல. எதுக்குத் தேடறோம்ங்கறது முக்கியம். மேல ஏறி நின்னு அடுத்தவனைப் பார்க்கறதுக்கா, இல்ல விட்டுப்போன ஒருத்தரைக் கூப்பிடறதுக்கா?

அன்னிக்கு ராத்திரி ஹனோவர் தம்பியை ஓரமா வெச்சுட்டு எங்க வீட்டு ஆறாவது பேரைத் தேடறதுன்னு முடிவு பண்ணினேன்.

மேற்கு மாம்பலம் ஆவணக் காப்பகம்

அப்பாவோட அத்தை ஒருத்தர் மேற்கு மாம்பலத்துல இருக்கார். எனக்கு அத்தைப்பாட்டி. வயசு 88. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் படு ஷார்ப். ஞாயித்துக்கிழமை போனேன். காபி, முறுக்கு, "ஏன் இளைச்சுட்டே", "பொண்ணு பாக்கறாளா" எல்லாம் முடிஞ்சதும் கேட்டேன்.

"பாட்டி, உங்க அப்பாவோட அம்மா பேர் என்ன?"

அந்தச் செல்லப் பேரைச் சொன்னார்.

"அது தெரியும் பாட்டி. நிஜப் பேர்?"

"நிஜப் பேரா... எங்க அம்மா அதை வாயாலயே சொல்ல மாட்டாளேடா. மாமியார் பேரைச் சொல்லுவாளா யாராவது? அந்தக் காலத்துல அதெல்லாம் பெரிய தப்பு." கொஞ்ச நேரம் முறுக்கை உடைச்சிண்டிருந்தார். அப்புறம் சாதாரணமா சொன்னார். "அதனாலதானே என்னையும் பேர் சொல்லிக் கூப்பிடலை. அவ பேரைத்தான் எனக்கு வெச்சா. பேரைச் சொல்லி என்னை அதட்டினா மாமியாரை அதட்டின மாதிரி ஆயிடுமேன்னு குஞ்சுன்னு கூப்பிட ஆரம்பிச்சா. அப்படியே நின்னுடுத்து."

எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னுடுத்து.

பேரன், பேத்தி. பெயரன், பெயர்த்தி. தாத்தா பாட்டி பேரைத் தாங்கறவங்க. வார்த்தையிலயே இருக்கு! லண்டன் நகல், ஹேக் சம்பள நோட்டு, ஹாலே கடிதம்னு ஆறு மாசமா ஊர் உலகமெல்லாம் மேஞ்ச எனக்கு, எங்க பதிவேடு நாங்க கூப்பிடற உறவு முறையிலயே இருக்குன்னு தோணலை. குஞ்சுப்பாட்டின்னு எல்லாரும் கூப்பிடற இவருக்கு ஒரு நிஜப் பேர் இருக்கு. நாங்க யாரும் அதைச் சொன்னதே இல்ல. ரேஷன் கார்டுலயும் பேங்க் பாஸ்புக்லயும் மட்டும் இருக்கற பேர்.

"பாட்டி, உங்க பாஸ்புக்கைக் கொஞ்சம் காட்டுங்கோ."

"எதுக்குடா? பணம் வேணுமா?"

சிரிச்சிண்டே எடுத்துக் கொடுத்தார். பார்த்தேன். ரெண்டு பேரோட பேர் அது. ஒரே மாமியார் மருமகள் மரியாதையில ரெண்டு பேரோட பேரும் மறைஞ்சுபோயிருந்தது. பணம் இருக்கற இடத்துலதான் பேர் தங்கும்னு மேல சொன்னேனே, இங்கயும் அதேதான்!

அந்தப் பேரை இங்க எழுதலை. அது எங்க வீட்டோட இருக்கட்டும்.

புரட்டாசியில மஹாளய அமாவாசை. அப்பாவுக்குப் புது அட்டை கொடுத்தேன். ஆறாவது பேர் வந்தப்போ அப்பா ஒரு வினாடி நிறுத்தினார். அப்புறம் கொஞ்சம் சத்தமா சொல்லி எள்ளும் தண்ணியும் விட்டார். அந்தப் பேரை அந்த வீட்ல யாராவது வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சோ.

நண்பருக்கு இதையும் எழுதினேன். பதில்ல ஒரே ஒரு வரி அனுப்பினார். "என் தாத்தாவோட தம்பி கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல, அவர் அங்க யாரையாவது கட்டியிருந்தா அவ பேரைக் கண்டுபிடி." தேடிண்டிருக்கேன்.

உங்க வீட்ல எண்பது தாண்டின பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது இருந்தா இந்த ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து கேளுங்க. தாத்தா பேரை யாராவது எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்க, அது ஓடிப் போகாது. பாட்டிகளோட பேரைக் கேளுங்க. கல்யாணத்துக்கு முந்தின ஊரையும் கேளுங்க. கேட்டதை எழுதி, எழுதின தேதியையும் போட்டு வைங்க.

டிஸ்கி: முறுக்கு நிஜமாவே பிரமாதம். குஞ்சுப்பாட்டி இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல சொல்றேன், உப்பு ஒரு கல் கம்மி :-)